லினக்ஸுக்கு வராத கேம்கள் லினக்ஸில் ஓடுவது எப்படி?

2014-ல், கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் ஒரு விளம்பரம் வந்தது. அடுத்த ஆண்டு வெளியாகவிருந்த 'விட்சர் 3' ஸ்டீம்ஓஎஸ்ஸுக்கும், அதாவது லினக்ஸ் இயங்குதளத்துக்கும், வரப்போகிறது என்று அதில் போட்டிருந்தது. லினக்ஸ் வைத்திருந்தவர்கள் ஆசையோடு காத்திருந்தோம். 2015 மே மாதம் கேம் வந்தது, லினக்ஸ் பதிப்பு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஆனால் இன்று ஒரு லினக்ஸ் கணினியில் ஸ்டீமைத் திறந்து, அதே கேமை வாங்கி, 'பிளே' பட்டனை அழுத்தினால் ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது. கேமை லினக்ஸுக்குக் கொண்டு வாருங்கள் என்று நிறுவனங்களிடம் கெஞ்சிய காலம் போய், விண்டோஸுக்கென்று எழுதிய கேமை அப்படியே எடுத்து ஓட்டிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. இது எப்படி நடந்தது, எங்கே போய் நின்றிருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. நின்றிருக்கும் இடம் தொழில்நுட்பம் சார்ந்தது இல்லை என்பது என் எண்ணம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கெஞ்சிய காலம். 1998-ல் கலிஃபோர்னியாவில் லோக்கி என்றொரு நிறுவனம் தொடங்கியது. விண்டோஸ் கேம்களின் மூலநிரலை வாங்கி, லினக்ஸுக்கு மாற்றி எழுதி, பெட்டியில் போட்டு விற்பதுதான் தொழில். 'குவேக் 3' உட்படப் பல கேம்களைக் கொண்டுவந்தார்கள். போதுமான பெட்டிகள் விற்கவில்லை. 2002 ஜனவரியில் கடையை மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே வேலை பார்த்த சாம் லான்டிங்கா எழுதிய எஸ்டிஎல் என்ற நூலகம் பிழைத்துக்கொண்டது. திரை, ஒலி, விசைப்பலகை, கன்ட்ரோலர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கையாள உதவும் அந்த நிரல் இன்றைக்கும் எண்ணற்ற கேம்களுக்குள் இருக்கிறது.

அப்புறம் பத்தாண்டு அமைதி. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது அதனுடன் மைக்ரோசாஃப்டின் சொந்த ஆப் கடையும் வந்தது. ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல், விண்டோஸ் 8 கணினி உலகத்துக்கே ஒரு பேரழிவு என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்தவர் நிலத்தில் கடை போட்டிருக்கிறோம், நிலத்துக்காரரே பக்கத்தில் கடை திறக்கிறார் என்ற கவலை அது. 2013 பிப்ரவரி 14 அன்று லினக்ஸுக்கான ஸ்டீம் முறையாக வெளியானது. 2015 நவம்பரில் பல நிறுவனங்கள் தயாரித்த 'ஸ்டீம் மெஷின்' கணினிகள் கடைக்கு வந்தன. அவை போணியாகவில்லை. பெட்டி இருந்தது, ஓட்டத்தான் கேம் இல்லை. கேம் இல்லாததால் ஆள் வரவில்லை, ஆள் வராததால் கேம் வரவில்லை.

வந்த சில கேம்களும் நிலைக்கவில்லை. 'ராக்கெட் லீக்' லினக்ஸில் நேரடியாக ஓடிக்கொண்டிருந்த கேம். 2020 மார்ச்சில் அதன் லினக்ஸ், மேக் ஆதரவு இரண்டையும் சேர்த்து நிறுத்தினார்கள். இரண்டிலும் ஆடுபவர்களைக் கூட்டினாலும் மொத்தத்தில் 0.3 சதவீதத்துக்கும் குறைவு என்றார்கள். அவர்கள் கணக்கில் தவறில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கி ஆடிக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது.

இதில் வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு சிக்கலும் உண்டு. லினக்ஸுக்கென்றே தயாரித்த பழைய கேமை இன்றைய லினக்ஸில் ஓட்டுவது கடினம். லினக்ஸின் மையக்கருவான கெர்னல் பழைய நிரல்களைக் கைவிடாது. அதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகக் கறாரானவர். கெர்னலுக்கு மேலே இருக்கும் நூலகங்கள் அப்படியில்லை. 2022-ல் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் புதுப் பதிப்பில் ஒரு சின்ன அட்டவணை விடுபட்டது. பழையது, யாரும் பயன்படுத்துவதில்லை என்று நினைத்தார்கள். அதை நம்பியிருந்த ஈஸி ஆன்டி-சீட் என்ற ஏமாற்றுத் தடுப்பு நிரல் உடைந்தது, அதோடு சேர்ந்து கேம்களும் நின்றன. மாறாக, இருபது வருடத்துக்கு முந்தைய விண்டோஸ் கேம் ஒன்றை எடுத்து லினக்ஸில் வைன் என்ற நிரல் வழியாக ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் ஓடிவிடும். லினக்ஸில் நீண்ட காலம் நிலைத்து நிற்கும் கேம் வடிவம் விண்டோஸ் வடிவம்தான் என்று லினக்ஸ்காரர்களே சொல்வது இதனால்தான்.

துபாஷியின் வேலை

வைன் 1993-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டிலிருந்து அலெக்சாண்டர் ஜூலியார் அதை வழிநடத்திவருகிறார். முப்பது ஆண்டுக்கு மேலாக ஒரே மனிதர் ஒரே வேலையில். இன்று நாம் அனுபவிக்கும் எல்லாவற்றுக்கும் அடித்தளம் அந்தப் பொறுமைதான்.

வைன் செய்வது என்ன? பழைய மதராஸில் கம்பெனிக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் துபாஷி நிற்பாரே, அந்த வேலை. விண்டோஸ் நிரல் 'இந்தக் கோப்பைத் திற' என்று விண்டோஸ் வழக்கில் கேட்கும். வைன் அதைக் கேட்டு, லினக்ஸ் வழக்கில் கெர்னலிடம் சொல்லி, வந்த பதிலை மறுபடி விண்டோஸ் வழக்கில் கொடுக்கும். நிரலுக்குத் தான் வேற்றூரில் இருப்பதே தெரியாது.

இப்படி நடுவில் ஆள் வைத்துப் பேசினால் மெதுவாகிவிடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். கேமின் கணக்குகள், எதிரியின் நகர்வு, துப்பாக்கிக் குண்டின் பாதை எல்லாம் பிராசசரின் மொழியிலேயே எழுதப்பட்டவை. அந்தப் பிராசசர் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றேதான். அவற்றுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை, நேராக ஓடும். இயங்குதளத்திடம் ஏதாவது கேட்க வேண்டி வரும்போது மட்டும்தான் துபாஷி உள்ளே வருகிறார்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். என் அக்கா மகனிடம் ஆறாம் தலைமுறை ஐ5 பிராசசரும் ஆர்எக்ஸ் 570 கிராஃபிக்ஸ் கார்டும் போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அந்தப் பிராசசரை விண்டோஸ் 11 ஏற்காது. "மாமா, லினக்ஸ் போட்டுடலாமா?" என்று அவனே கேட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டோம். விட்சர் 3-ஐ ஒருமுறை ஓட்டிவிட்டு, ஸ்டீம் கோப்புறைக்குள் போய் 'காம்பாட்டேட்டா' என்ற கோப்புறையைத் திறந்து காட்டினேன். உள்ளே 292030 என்று ஒரு கோப்புறை. அது ஸ்டீமில் அந்தக் கேமின் எண். அதற்குள் 'டிரைவ்_சி'. அதற்குள் 'விண்டோஸ்', 'சிஸ்டம்32', 'புரோகிராம் ஃபைல்ஸ்', 'யூசர்ஸ்'. யூசர்ஸுக்குள் 'ஸ்டீம்யூசர்' என்ற பெயரில் ஒரு ஆள். அவனுடைய டாக்குமென்ட்ஸுக்குள் விட்சர் 3-இன் சேமிப்புக் கோப்புகள். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரிகூட இருக்கிறது, சாதாரண உரைக் கோப்பாக. ஒவ்வொரு கேமுக்கும் இப்படித் தனித்தனி குட்டி விண்டோஸ் வீடு. ஒன்று கெட்டாலும் மற்றது கெடாது. கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி பிளே அழுத்தினால் புது வீடு கட்டிக்கொள்ளும். ஆனால் சேமிப்பும் அதோடு போய்விடும், முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இடறியதும் இங்கேதான். அவனுடைய கேம்கள் எல்லாம் இரண்டாவது டிஸ்க்கில், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருந்தன. டவுன்லோட் மிச்சம் என்று அதையே லினக்ஸ் ஸ்டீமில் சேர்த்தோம். பிளே அழுத்தினால் இரண்டு நொடி பச்சையாகி, மறுபடி பழைய நிலைக்கு வந்து நின்றது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. காரணம் அந்தக் குட்டி வீட்டுக்குள் இருக்கும் 'c:' என்ற இணைப்பு. பெயரில் முக்காற்புள்ளி வைப்பது லினக்ஸுக்குச் சாதாரணம், விண்டோஸ் உலகில் ஆகாது. டிஸ்க்கை லினக்ஸ் வடிவத்துக்கு மாற்றிக் கேம்களை மறுபடி நகலெடுக்க அன்று மாலை முழுக்க ஆனது. புதிதாக வருகிறவர்கள் பலரும் விழும் குழி இது, அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

கோப்பு, ரெஜிஸ்ட்ரி எல்லாம் எளிது. கடினமானது கிராஃபிக்ஸ். விண்டோஸ் கேம்கள் கிராஃபிக்ஸ் கார்டுடன் பேசுவது மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் வழியாக. வைன் அதைப் பழைய ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றிப் பார்த்தது. ஓடியது, ஆனால் தள்ளாடி ஓடியது. 2016 பிப்ரவரியில் வல்கன் வந்தது. கிராஃபிக்ஸ் கார்டு தயாரிக்கும் ஏஎம்டியின் மேன்டில் என்ற முயற்சியிலிருந்து பிறந்தது அது. கிராஃபிக்ஸ் கார்டை ஏறக்குறைய நேரடியாகக் கையாளும் வழி. பிலிப் ரெபோலே என்ற நிரலருக்கு 'நியர்: ஆட்டோமேட்டா' என்ற கேமை லினக்ஸில் ஆட வேண்டும் என்று ஆசை. 2017 இறுதியில் டைரக்ட்எக்ஸ் 11-ஐ வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே-வை எழுதத் தொடங்கினார். சில மாதங்களிலேயே வால்வ் அவருக்குச் சம்பளம் கொடுத்து முழுநேரம் எழுதச் சொன்னது. ஒருவர் தனக்குப் பிடித்த ஒரு கேமுக்காக ஆரம்பித்த வேலை ஆயிரக்கணக்கான கேம்களுக்கு வழிவிட்டது.

2018 ஆகஸ்டில் வால்வ் வைனையும் டிஎக்ஸ்விகே-வையும் சேர்த்துக் கட்டி, வைனை வளர்க்கும் கோட்வீவர்ஸ் நிறுவனத்தின் துணையோடு, புரோட்டான் என்ற பெயரில் ஸ்டீமுக்குள்ளேயே வைத்தது. முதல் நாள் சரிபார்த்து அனுமதித்தவை 27 கேம்கள். நியர்: ஆட்டோமேட்டாவும் அதில் ஒன்று. டைரக்ட்எக்ஸ் 12-க்கு விகேடி3டி-புரோட்டான் என்று இன்னொன்று பின்னால் சேர்ந்தது.

எல்டன் ரிங்கில் நடந்தது

2022 பிப்ரவரி 25 அன்று 'எல்டன் ரிங்' வெளியானது. பிப்ரவரி 28 அன்று வால்வின் கைக்கணினியான ஸ்டீம் டெக் முதல் வாடிக்கையாளர்களுக்குக் கிளம்பியது. எல்டன் ரிங் விண்டோஸில் திக்கித் திக்கி ஓடியது. விலையுயர்ந்த கார்டு வைத்திருந்தவர்களுக்கும் ஒரு மூலை திரும்பினால் படம் ஒரு கணம் உறைந்து நிற்கும்.

காரணங்களில் ஒன்று ஷேடர். திரையில் ஒளி, நிழல், புகை எல்லாவற்றையும் வரையும் குட்டி நிரல்கள் அவை. ஒவ்வொரு கார்டுக்கும் ஏற்றபடி அவற்றை அங்கேயே தயாரிக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில் புதிது ஒன்று தேவைப்பட்டால் அது தயாராகும்வரை படம் நிற்கும். ஸ்டீம் டெக் எல்லாம் ஒரே கார்டு கொண்டவை என்பதால், ஒருமுறை தயாரித்ததை வால்வ் எல்லோருக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடுகிறது. மற்ற லினக்ஸ் கணினிகளில் கேம் தொடங்குமுன் 'வல்கன் ஷேடர்களைத் தயார்செய்கிறது' என்று ஒரு பட்டை ஓடுமே, அதுவும் இந்த முன்தயாரிப்புதான். அதைத் தவிர்த்துவிட்டுப் போக ஒரு பட்டன் இருக்கிறது. அவசரப்படாமல் இருந்தால் நல்லது.

ஷேடர் மட்டும் காரணம் இல்லை. சில இடங்களில் அந்தக் கேம் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான நினைவகக் கோரிக்கைகளை அள்ளி வீசியது. வால்வின் பொறியாளர்கள் மொழிபெயர்ப்பு அடுக்கிலேயே அவற்றைத் திருத்தினார்கள். கேமின் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. கையில் பிடிக்கும் லினக்ஸ் கருவியில் அந்தக் கேம் பெரிய விண்டோஸ் கணினிகளைவிடத் திக்காமல் ஓடியது. துபாஷி பேச்சை மாற்றிச் சொல்பவர் மட்டும் இல்லை, சொன்னதில் இருந்த குழப்பத்தையும் நடுவிலேயே தீர்த்துவைக்கலாம் என்று அன்றுதான் பலருக்கும் புரிந்தது.

இந்த வேலை கெர்னல் வரை இறங்கிவிட்டது. கேமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல வேலைகள், அதாவது இழைகள், ஒன்றுக்கொன்று காத்திருந்து வேலை செய்வதை விண்டோஸ் கையாளும் விதம் வேறு. முன்பெல்லாம் வைனில் ஒவ்வொரு காத்திருப்புக்கும் தனியாக ஒரு சேவை நிரலிடம் போய்க் கேட்க வேண்டும், ஊரே ஒரு கணக்குப்பிள்ளையிடம் வரிசையில் நிற்பது மாதிரி. 2025 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.14-ல் என்டிசிங்க் என்ற வசதி சேர்ந்தது. விண்டோஸ் வழக்கத்தை லினக்ஸ் கெர்னலே புரிந்துகொண்டு நேரடியாகச் செய்துகொடுக்கிறது. கோட்வீவர்ஸின் எலிசபெத் ஃபிகுரா ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி எழுதியது. கேம்களுக்காக லினக்ஸ் கெர்னலே மாறும் என்று லோக்கி காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

டிரைவர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏஎம்டி கார்டு என்றால் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம், கெர்னலிலும் மேசா என்ற கிராஃபிக்ஸ் நூலகத்திலும் எல்லாம் இருக்கிறது. என்விடியா நீண்ட காலம் தலைவலி. 2022-ல் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள், 2024-ல் வேலண்ட் திரை அடுக்கில் இருந்த மினுக்கலும் சரியானது. இப்போது பயன்படுத்தலாம், ஆனால் புதிதாக வாங்குபவருக்கு நான் ஏஎம்டிதான் சொல்வேன். இதில் என்னை மிகவும் வருத்தும் ஒன்று உண்டு. ஏஎம்டி தன் திறந்த டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 ஆதரவை எழுதி முடித்துவிட்டது. அதை வெளியிட எச்டிஎம்ஐ அமைப்பு அனுமதி தர மறுத்த செய்தி 2024-ல் வந்தது. நிரல் தயாராக இருந்தும் பெரிய டிவியில் முழுத் தரத்தைக் கொடுக்கத் தடை. டிஸ்ப்ளேபோர்ட் உள்ள மானிட்டர் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

இதெல்லாம் சேர்ந்து என்ன பலன்? புரோட்டான் வந்த நேரத்தில் ஸ்டீமின் மாதாந்திரக் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 1 சதவீதத்துக்கும் கீழே. 2025 அக்டோபரில் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. அதில் கால் பங்குக்கு மேல் வால்வின் சொந்த லினக்ஸான ஸ்டீம்ஓஎஸ். மீதியெல்லாம் ஆர்ச், மின்ட், உபுண்டு, பசைட் என்று மற்ற லினக்ஸ் வகைகள் போட்ட, சாதாரண ஆட்களின் சாதாரணக் கணினிகள். 3 சதவீதம் சிறியதுதான். ஆனால் ஸ்டீமின் அளவுக்கு அது பல லட்சம் பேர்.

திறக்காத பூட்டு

சரி, எது ஓடாது? கதை கேம்கள், தனியாக ஆடும் கேம்கள் பெரும்பாலும் ஓடிவிடும். ஓடாதவை பெரும்பாலும் போட்டி கேம்கள். அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு நிரல், அதாவது ஆன்டி-சீட், லினக்ஸைக் கண்டால் கதவைச் சாத்திவிடும்.

2021 செப்டம்பரில் ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டு ஆன்டி-சீட்களும் புரோட்டானை ஆதரிக்கத் தொடங்கின. இனி தடையில்லை என்று நினைத்தோம். ஆனால் அந்த ஆதரவைத் திறந்துவிடுவது ஒவ்வொரு கேம் நிறுவனத்தின் கையில். எல்டன் ரிங் திறந்தது. மார்வெல் ரைவல்ஸ் லினக்ஸில் ஓடுகிறது. ஈஸி ஆன்டி-சீட்டின் உரிமையாளரான எபிக் தன் ஃபோர்ட்நைட்டுக்கு அதைத் திறக்கவில்லை. 2024-ல் கதவுகள் வரிசையாகச் சாத்தப்பட்டன. வான்கார்ட் என்ற ஆன்டி-சீட் வந்ததும் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் போனது. வாலரன்ட் தொடக்கத்திலிருந்தே இல்லை. செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைன். அக்டோபர் 31-ல், இரண்டரை ஆண்டு ஸ்டீம் டெக்கில் ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ். 2025-ல் வந்த பேட்டில்ஃபீல்டு 6, செக்யூர் பூட் (கையெழுத்திட்ட நிரல்களோடு மட்டுமே கணினியைத் தொடங்கவிடும் ஏற்பாடு) இல்லாமல் திறக்கவே திறக்காது. லினக்ஸுக்கு அதில் இடமே இல்லை.

இவர்கள் சொல்லும் காரணத்தை நியாயமாகப் பார்க்க வேண்டும். ஏமாற்றுபவன் தன் நிரலைக் கெர்னலுக்குள் ஒளித்து வைக்கிறான். அதைப் பிடிக்கக் காவலாளியும் கெர்னலுக்குள் இருக்க வேண்டும். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட டிரைவராக அங்கே போய் உட்காரலாம். லினக்ஸில் கெர்னலை நானே திருத்தி, நானே தொகுத்து, நானே பூட்டி வைத்துக்கொள்ளலாம். நான் கட்டிய வீட்டில் காவலாளி எதைப் பார்க்க வேண்டும் என்பதை நானே முடிவு செய்யலாம் என்றால், அந்தக் காவலாளியை நிறுவனம் எப்படி நம்பும்? இந்தக் கேள்வியில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் கெர்னலுக்குள் காவலாளி இருந்தும் விண்டோஸில் ஏமாற்று ஒழியவில்லை. தனி வன்பொருளைச் செருகி நினைவகத்தை வெளியிலிருந்தே படிக்கும் அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது. அங்கே உட்காரும் நிரல் தவறினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. ஒரு விளையாட்டை ஆட என் கணினியின் ஆணிவேரை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்டக்காரன் சுவருக்குப் பின்னால் இருக்கும் எதிரியைப் பார்த்துச் சுடுகிறானா என்பது சர்வருக்குத் தெரியும். அங்கேயே பிடிப்பது கடினம், செலவும் அதிகம். ஆனால் சரியான இடம் அதுதான். வால்வின் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 லினக்ஸில் நேரடியாக ஓடுகிறது. ஏமாற்றுபவர்கள் அதிகம் என்ற புகாரும் அந்தக் கேமில் அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இந்தப் பூட்டைத் திறக்கப் போவது மொழிபெயர்ப்புத் திறமை இல்லை, வாடிக்கையாளர் எண்ணிக்கை. 3 சதவீதத்தை ஒரு நிறுவனம் இழக்கத் தயார். பத்து சதவீதம் என்றால் யோசிக்கும். 2025 நவம்பரில் வால்வ் மறுபடியும் ஸ்டீம் மெஷின் என்ற அதே பெயரில் ஒரு பெட்டியை அறிவித்தது. பத்தாண்டுக்கு முன் அந்தப் பெயரில் வந்தவற்றுக்குக் கேம் இல்லை. இப்போது ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அது வீட்டு டிவிகளுக்கு அடியில் எத்தனை இடம் பிடிக்கும் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த கட்டம்.

எந்தக் கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று ஆடுபவர்களே பதிந்துவைக்கும் புரோட்டான்டிபி தளத்தில் அக்கா மகனின் கேம் பட்டியலை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தோம். பிளாட்டினம், கோல்டு என்று வரிசையாக வந்தது. கடைசியில் ஒன்று சிவப்பு. பள்ளி நண்பர்களோடு சனிக்கிழமை இரவு ஆடும் ஷூட்டர் அது.

"இதுக்கு ஏதாவது வழி இருக்கா மாமா?"

"இல்லப்பா. சுத்தி வளைச்சுப் போனா அக்கவுன்ட்டையே தடை பண்ணிடுவாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு பழைய 120 ஜிபி டிஸ்க் ஒன்றைத் தேடி எடுத்து, அதில் விண்டோஸையும் அந்த ஒரு கேமையும் மட்டும் போட்டான். சனிக்கிழமை இரவு கணினியை ஆன் செய்யும்போது எஃப்12 அழுத்தி அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கிறான். மற்ற ஆறு நாளும் அந்த விசையைத் தொடுவதில்லை.